முன்கூட்டி அனுப்பிய இரண்டு நாற்காலிகள்

மார்ச் 4
இன்று நாற்பது நாற்காலி இறங்கியது. வழக்கம்போல ஒவ்வொன்றிலும் நானே உட்கார்ந்து, சாய்ந்து, ஒரு சுற்று சுற்றிப் பார்த்துத்தான் கடைக்குள் விட்டேன். மூன்று முனகின. அப்படியே திருப்பிவிட்டேன். நூற்று நான்கு கிலோவுக்கு முனகாத நாற்காலி வேறு யாருக்கும் முனகாது. போட்டிக் கடைக்காரன் எவனிடமும் இந்தக் கருவி இல்லை!

லாரி புக்கிங்காரர் போன் செய்தார். "மறுபடியும் மூணு ரிட்டர்னா? உங்க கடையில யாரும்மா அப்படி உட்கார்றது?"
"நம்பிக்கையான ஆள் ஒருத்தர் இருக்காங்க" என்றேன்.

இரண்டு வருஷமாக போனில் சண்டைதான், நேரில் பார்த்ததே இல்லை. வைக்கும்போது சொன்னார்: "பதினெட்டாம் தேதி உங்க ஊருக்கு வர்றேன். ஒரு காபி சாப்பிடலாமா?"
"லோடு விஷயமா?"
"லோடு விஷயம் இல்லீங்க."

மார்ச் 5
லோடு விஷயம் இல்லீங்க. ஒரு கஸ்டமருக்கு அவர் கேட்காமலே தள்ளுபடி கொடுத்துவிட்டேன். என்ன ஆச்சு எனக்கு?

மார்ச் 8
அக்காவிடம் சொன்னது தப்பு. "பத்து நாள்ல ஆறு கிலோ இறக்கலாம்டி. கருப்பு போடு. அவர் வர்றதுக்கு முன்னாடியே போய் உட்கார்ந்துடு. எழுந்திரிக்கவே எழுந்திரிக்காதே."
"அப்புறம் எப்பக்கா எழுந்திரிக்கிறது? புள்ளை பெத்த பிறகா?"
சிரித்தாள். பிறகு, "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பதினைந்து வருஷமாக என் நல்லது எல்லார் வாயிலும் இருக்கிறது. பெண் பார்க்க வந்த ஒருவர் "குணம் தங்கம்" என்று சொல்லிக்கொண்டே வாட்சைப் பார்த்தார். இன்னொருவரின் அம்மா வாசல்வரை போய்த் திரும்பிவந்து, தங்கச்சி யாராவது இருக்கிறாளா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இந்த மனுஷனுக்கு என் குரல்தான் தெரியும். குரலுக்கு எடை இல்லையே.

மார்ச் 11
பெரிய ஆபீஸ் ஒன்றுக்கு சாம்பிள் எடுத்துப்போனேன். பர்ச்சேஸ் அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "டெமோவுக்கு வேற யாரையாவது அனுப்புங்களேன் மேடம். எம்.டி. பார்க்கும்போது... பார்வையா இருக்கணும்ல."

"சரி சார்" என்றேன். ஒல்லியாக இருக்கிற சேல்ஸ் பெண்ணை அனுப்பினேன். ஐம்பது நாற்காலி ஆர்டர்.

ஏன் சரி என்றேன்? அன்றைய தள்ளுபடியைத் தவிர, பேரம் பேசாமல் நான் யாருக்கும் எதையும் கொடுத்ததில்லையே!

மார்ச் 15
ஸ்டேஷன் எதிரே இருக்கிற காபிக் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறார். இன்று தனியாகப் போய் வேவு பார்த்தேன். எல்லாம் இரும்பு நாற்காலி, இரண்டு பக்கமும் கை. டேப் எப்போதும் பையில் இருக்கும் — கைக்கும் கைக்கும் நடுவே பதினாறரை அங்குலம். என் கணக்கு இருபத்திரண்டு.

வீடு வந்து சேருவதற்குள் யோசனை வந்துவிட்டது! கை இல்லாத, அகலமான நாற்காலி இரண்டை ஏற்றிக்கொண்டு மதியமே திரும்பப் போனேன்.

"ஒரு வாரம் வெச்சுப் பாருங்க. பிடிச்சா எடுங்க, இல்லேன்னா நானே தூக்கிட்டுப் போறேன்."
"சும்மாவாம்மா?" என்றார் முதலாளி.
"சும்மாதான். ஜன்னல் ஓரமாப் போடுங்க, வெளிச்சத்துல எடுப்பாத் தெரியும்."

டெலிவரி அண்ணன், "ரெண்டு நாற்காலிக்கா இவ்வளவு தூரம்?" என்றார். மார்க்கெட்டிங் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 17
நாளைக்கு! கருப்பு இல்லை. மஞ்சள்.

மார்ச் 18
உள்ளே போனேன். ஜன்னல் ஓரத்தில் பழைய இரும்பு நாற்காலிகள்தான் கிடந்தன. கல்லாவில் என் நாற்காலி ஒன்றில் முதலாளி, இன்னொன்றில் அவர் மனைவி. "பிரமாதம்மா! முதுகு வலியே போச்சு!"

எந்த வாயால் எழுப்புவது? அதற்குள் லாரி புக்கிங்காரர் வந்துவிட்டார். மெலிந்த ஆள், மீசையில் வெள்ளை. என்னை முழுசாகப் பார்த்தார். ஒரு நொடி தடுமாறினார். பார்த்தேன், பார்க்காமல் என்ன. பிறகு இரும்பு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க."

ஒரு பக்கமாக ஒடுங்கி, தொடை காந்தக் காந்தச் சிரித்துக்கொண்டு உட்காரத் தெரியும் எனக்கு. எத்தனை கல்யாண மண்டபத்தில் செய்திருக்கிறேன். இன்று ஏனோ வரவில்லை.

"இதுல நான் கொள்ள மாட்டேங்க. அதுக்காகத்தான் மூணு நாள் முன்னாடியே ரெண்டு நாற்காலி அனுப்பி வெச்சேன். அதுல இப்ப முதலாளி உட்கார்ந்திருக்கார்."

அவர் கல்லாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்போ ரிட்டர்ன் அனுப்புற ஆள்..."
"நான்தான்."

சிரித்தார் பாரு! என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கும் என்னோடு சிரிப்பதற்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? "ரெண்டு வருஷமா அந்த ஆளை எப்படியெல்லாம் திட்டியிருக்கேன்!" என்றார்.

இழுத்த நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார். சுவரோரப் பலகையில் கப்பை வைத்துக்கொண்டு இருவரும் நின்றே குடித்தோம். ஒன்றரை மணி நேரம்! நான் கேக் கேட்டு வாங்கி முழுசாகச் சாப்பிட்டேன்.

கேட்டும்விட்டேன். "உங்களுக்குப் பரவாயில்லையா?"
"எது?"
"தெரியாத மாதிரி கேக்காதீங்க."
"போன்ல கேட்டு வேற மாதிரி நெனச்சு வெச்சிருந்தேன். மாத்திக்கிட்டேன்."
"எவ்வளவு நேரமாச்சு மாத்த?"
"ரெண்டு காபி."

கால் விண்விண்ணென்று வலித்தது. அவருக்கும் வலித்திருக்கும். இரண்டு பேருமே சொல்லவில்லை.

காபிக் கடைக்கு இருபத்து நான்கு நாற்காலி ஆர்டர்!!

மார்ச் 26
பர்ச்சேஸ் அதிகாரி அழைத்தார். இன்னொரு மாடிக்கு அறுபது வேண்டும், "அந்தப் பொண்ணையே அனுப்புங்க."
"நான்தான் வருவேன் சார்."
போனேன். எம்.டி. முன்னால் உட்கார்ந்தேன், சாய்ந்தேன், சுற்றினேன். பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

மார்ச் 30
அறுபதும் போச்சு. வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார்கள். நஷ்டம்தான், வயிறு எரிகிறது. ஆனாலும் போன் அடித்தால் மனசு ஏன் இப்படித் துள்ளுகிறது?

ஜூன் 2
பதிவு அலுவலகத்தில் கல்யாண மனுவில் ஒட்ட இருவரும் சேர்ந்த படம் வேண்டுமாம். கடைத்தெருவில் சின்ன ஸ்டுடியோ. போட்டோக்காரர், "மேடம், நீங்க சாருக்குப் பின்னாடி பாதி மறைஞ்சாப்ல நில்லுங்க, உடம்பு கம்மியாத் தெரியும்" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"பக்கத்துலதான் நிப்பேன்" என்றேன்.
"ஃபிரேம்ல அடங்காதே மேடம்."
"நீங்க பின்னால போங்க."

போனார். முதுகு கதவில் இடித்தது. கதவைத் திறந்து, படி இறங்கி, தெருவில் நின்று எடுத்தார்.