ஃபுசாயே கேட்டுக்கொண்டிருந்தாள்

செப்டம்பர் 9, திங்கள்
நாளை முதியோர் பராமரிப்புக் காப்பீட்டு மதிப்பீடு. என் பெண்டாட்டி ஃபுசாயேவுக்கு மறதி நோய் வந்து மூன்று வருஷம். வாரம் ஐந்து மணி நேரம் நகுமோ அம்மா வந்து அவளைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டுப் போகிறார். அந்த நேரத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று பார்க்க ஆள் வருகிறது. வீடு முழுக்கத் துடைத்தேன். கழிப்பறையை இரண்டு தரம். வருகிறவர் மூக்கைப் பொத்தும்படியா வைத்திருப்பது? இடுப்பு விட்டுப்போயிற்று.

செப்டம்பர் 10
வந்தவர் ஐம்பது வயசுப் பெண், ஹிராயாமா. நல்ல மாதிரி. ஃபுசாயே பாயில் மண்டியிட்டு, கையூன்றி வணங்கினாள். "அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க, களைச்சிருப்பீங்களே!" என்ன பணிவு! இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது?

"சமையல் யாரும்மா?"

"நான்தான். இவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது."

மூவரும் சிரித்தோம். நானும்தான். தீ பயத்தில் அடுப்பைக் கழற்றிவைத்து ஒரு வருஷம் ஆகிறது.

"குளியல்?" "தனியாத்தான்." ஹிராயாமா என்னைப் பார்த்தார். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன். பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவள் உடுத்தினதிலேயே போய்விடுகிறாள் என்று அயலாரிடம் எந்த வாயால் சொல்ல? "ஏதோ சமாளிக்கிறோம்" என்றேன்.

அவர் போனதும் ஃபுசாயே, "யாருங்க அது, நம்ம மருமகளா?" என்றாள். எங்களுக்கு மகனே இல்லை. ஒரே மகள்.

அக்டோபர் 8
கடிதம் வந்தது. அவளுக்கு எவ்வளவு உதவி தேவை என்று போடுகிற நிலை இறங்கிவிட்டது. இனி வாரம் ஒன்றரை மணி நேரம்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

எங்கள் உதவி நேரத்தையெல்லாம் ஏற்பாடு செய்யும் குவாபரா வந்து திட்டித் தீர்த்தாள். "ஐயா, நீங்க என்ன பொண்ணு பார்க்க வந்தவங்களுக்கா வீட்டைக் காட்டினீங்க? மறுபடி மதிப்பிடக் கேக்கலாம். இந்தத் தடவையாவது உள்ளதைச் சொல்லுங்க. அம்மா முன்னாடி சொல்ல முடியலைன்னா தாள்ல எழுதிக் குடுங்க."

அக்டோபர் 24
நானே குளிப்பாட்டப் போய் இரண்டு பேரும் விழுந்தோம். அரை மணி நேரம் எழுந்திருக்க முடியவில்லை. அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அக்டோபர் 25
ஒசாகாவிலிருந்து மகள் ஃபோன். "அப்பா, நேரம் கூடக் கிடைக்கலைன்னா அம்மாவை இல்லத்துல சேர்த்துடலாம். நீங்களும் விழுந்து செத்துப்போவீங்க." மாட்டேன் என்று வைத்துவிட்டேன். ஆனால் அவள் சொல்வதும் சரிதானே?

நவம்பர் 11
எழுதினேன். இரண்டு பக்கம். முப்பத்தெட்டு வருஷம் பேருந்து ஓட்டியவன். விபத்து அறிக்கை எழுதுகிற மாதிரி தேதி, மணியோடு எழுதினேன். கை கூசியது. நாளைக்கு மறுமதிப்பீடு. வருகிறவர் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது ரகசியமாகக் கொடுத்துவிட வேண்டும்.

நவம்பர் 12
கொடுக்கவில்லை. படித்துவிட்டேன்.

அதே ஹிராயாமா. அதே வணக்கம். "நான்தான் சமைக்கிறேன், நான்தான் துவைக்கிறேன், இவருக்கு ஒண்ணும் தெரியாது." எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து உரக்கப் படித்தேன். செருப்பில்லாமல் ரயில் கேட்டு வரை போனது. அலமாரியைக் கழிப்பறை என்று நினைத்தது. என்னை யாரென்று கேட்டு அலறியது. ஒன்றையும் விடவில்லை.

ஃபுசாயே கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் என் பக்கம் திரும்பி, நெற்றி பாயில் பட வணங்கினாள்.

"உங்களுக்கு இவ்ளோ தொல்லை குடுத்திருக்கேனா? தெரியாமப் போச்சே. மன்னிச்சுக்குங்க."

ஹிராயாமா எழுதுவதை நிறுத்திவிட்டார். பாவி நான். நாளைக்கு மறந்துவிடுவாள். மறந்துவிடுவாள்தானே?

நவம்பர் 20
மறக்கவில்லை. இன்று காலை சாப்பிட்டதை மறந்துவிட்டாள். மகள் பெயரை மறந்துவிட்டாள். ஆனால் நான் எதைத் தூக்கினாலும், "தொல்லைங்களா?" என்கிறாள்.

"இல்லடி. அன்னிக்குச் சொன்னது பூரா பொய்."

"அப்படியா, நல்லவேளை."

பத்து நிமிஷம் கழித்து மறுபடி.

டிசம்பர் 11, புதன்
கடிதம் வந்தது. நிலை ஏறியிருக்கிறது. நாளையிலிருந்து நகுமோ அம்மா தினமும் வருவார். இல்லம் வேண்டாம். மகளுக்குச் சொல்லிவிட்டேன், அழுதாள்.

மின்குக்கரில் வைக்க அரிசி களையலாம் என்று டப்பாவைத் திறந்தேன். அரிசிக்கு அடியில் அவளுடைய ஈர உள்ளாடை, அழகாக நாலாக மடித்து. முன்பெல்லாம் அப்படியே என் கையில் கொடுத்துவிடுவாள், குழந்தை மாதிரி.

பின்னாலேயே வந்து நின்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, அந்த எழுதுற பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். அரிசியைக் கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவி வைத்தேன்.