உப்பில் வாழ்ந்த உங்கள் பெயர்

இன்று காலை, வீட்டில் எல்லோரையும் கலந்து பேசி, இனி சமையலுக்குப் பொடியுப்பு வேண்டாம், கல்லுப்பே போதும் என்று முடிவு செய்தேன். எதிர்ப்பு எழவில்லை. பொட்டலத்தைப் பிரித்ததும் ஈரச் சாக்கின் வாடை வந்தது. கூடவே நீங்களும் வந்தீர்கள், சார்.

அதே வாடை அடித்த உப்பைத்தான், உங்கள் ஆய்வு மாணவியாக இருந்தபோது, ராமாபுரத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து மைசூரில் உங்கள் மேசைமேல் வைத்தேன். அப்பாவின் மளிகைக் கடை உப்பு. "செவந்து போச்சு கண்ணு, எவனும் தொட மாட்டீங்கறான்" என்று அவர் கொட்டப் போனது. அந்தச் சிவப்பு ஒரு நுண்ணுயிர். மற்ற உயிர்கள் நீரிழந்து சுருங்கிச் சாகும் உப்பில் அது வளர்ந்தது. வெளியே இருக்கும் அளவுக்கு உள்ளேயும் உப்பை ஏற்றிக்கொள்வது அதன் வழி. உள்ளே ஓடும் வேலைகளெல்லாம் உப்புக்குப் பழகியவை. நல்ல தண்ணீரில் விட்டால் வெடித்துவிடும்.

உங்கள் துறையிலும் அப்படிச் சிலர் இருந்தார்கள். ஒருவருக்கு யாரும் அதட்டாத இடத்துக்கு மாற்றல் கிடைத்தது. கொஞ்ச நாளில் உங்கள் அறை வாசலில் வந்து நின்றார், திட்டு வாங்க.

உயிருக்கு ராமாபுரத்தின் பெயரை வைக்கலாமா என்று கேட்டேன்.

"ராமாபுரமா? அங்க பஸ்ஸே ஒழுங்கா நிக்காதும்மா. என் பேரை வை."

"நீங்களே வெச்சுக்கலாமே, சார்."

"சே, சே. தன் பேரைத் தானே வெச்சுக்கறது நம்ம ஃபீல்டுல வழக்கமில்ல. ஊரு சிரிக்கும். நீ வெச்சா குருபக்தி. தீசிஸ்ல கையெழுத்து பாக்கி இருக்கு, கொத்தாயித்தா?"

நீங்கள் கன்னடத்தில் கேட்டது புரிந்தாயிற்று. குருபக்தியோடு வைத்தேன்.

நீங்கள் காலமானபின் ஆய்வுக்கூட வாசலில் ஒரு கல் பதித்தார்கள். 'ஓர் உயிருக்குத் தம் பெயரை ஈந்தவர்' என்று பொறித்திருந்தது. 'ஈந்தவர்' என்பதை நின்று இரண்டாம் முறை படித்தேன். அன்றே அந்த உயிரின் மரபணுவை முழுதாகப் படித்துப் பார்க்க ஏற்பாடு செய்தேன். உங்கள் காலத்தில் அந்த வசதி இல்லை. நமக்கு முன்பே வெளிநாட்டு உப்பு ஏரி ஒன்றில் வேறொருவர் அதைக் கண்டு பெயரிட்டிருந்தார். இரண்டும் ஒன்றேதான். முதலில் வைத்த பெயரே நிற்கும் என்பது விதி. கட்டுரை எழுதி அனுப்பினேன். உங்கள் பெயரை எல்லா இடத்திலும் எழுத்துப் பிழையின்றி எழுதினேன். ராமாபுரத்தின் பெயரை வைக்கவும் இனி வழியில்லை. அந்த விலை எனக்குத் தெரியும்.

உங்களிடம் பெற்ற ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. இத்தனை வருடம் உப்பை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே சிரித்திருக்கிறேன், கரையவில்லை.

கட்டுரை வெளியானது. கல்லை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது தீயணைக்கும் சிலிண்டர் மாட்டியிருக்கிறது.