இடது கைக் கையெழுத்து

18.11.1991
கார்த்திகை பிறந்த மறுநாளே முதல் ஸ்பெஷல் டிரிப். ராஜபாளையத்திலிருந்து பம்பை, பம்பையிலிருந்து ராஜபாளையம். பதினேழு வருஷமாக டூரிஸ்ட் பஸ் ஓட்டுகிறேன். ஆனாலும் சபரிமலை சீசன் வந்தாலே பயமாக இருக்கிறது.

டிரிப் ஷீட்டில் வழக்கம்போல இரண்டு டிரைவர்கள், வண்டியில் ஒருவர்தான். முதல் பெயர் சங்கரலிங்கம், அதாவது நான். இரண்டாவது பெயர் இருதயம், எங்கள் கம்பெனி டிரைவர். என் கையெழுத்தை வலது கையால் போட்டேன், அவருடையதை இடது கையால். எங்கள் கம்பெனி டிரைவர்கள் எல்லாருக்கும் இந்த வித்தை தெரியும். செக்போஸ்ட்டில் கேட்டால், "பின்சீட்டுல தூங்குதாரு" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இருதயம் மஞ்சள் காமாலையில் செத்து மூன்று மாசம் ஆகிறது.

29.11.1991
காலை எட்டுக்கு வந்து இறங்கினேன். பத்துக்கு அடுத்த குழு. வீட்டுக்குப் போனது குளிக்க மட்டும்.

7.12.1991
கிளார்க் ரத்தினம் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தான்.

"ஏலே, எனக்கு ரெஸ்ட்டுன்னு எம்புட்டு நேரம் எழுதுத?"

"ஒம்பது மணி நேரம் அண்ணாச்சி. சட்டப்படி."

"அந்த ஒம்பது மணி நேரமும் யாருலே தூங்குனது? நீயா?"

சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் எரிச்சலாக வந்தது. இன்றிலிருந்து இந்த டைரியில் உள்ளதை உள்ளபடி குறிக்கப்போகிறேன். நேற்று புறப்பட்டது காலை 6. திரும்பியது இன்று காலை 5. நடுவில் பம்பையில், போலீஸ் வண்டியை நகர்த்தச் சொல்லி விரட்டியது போக, சாய்ந்தது இரண்டு மணி நேரம்.

15.12.1991
எழுதத்தான் வேண்டும்.

நேற்று மதியம் இரண்டரை மணி. மில்லில் வேலை பார்க்கும் காசிராஜன் குருசாமியின் குழு, ஐம்பத்திரண்டு பேர். மலையிறங்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். வாசுதேவநல்லூர் தாண்டியிருக்கும். வெயில், புழுக்கம். வண்டியில் எல்லாரும் தூக்கம். நானும்தான்.

முழித்தபோது முன்கண்ணாடி முழுக்கப் புளியமரம். எப்படி ஒடித்தேன், எப்படி நின்றது — தெரியவில்லை. இடப்பக்கக் கண்ணாடி மட்டும் உடைந்து போயிற்று.

முன்சீட்டிலிருந்த குருசாமி, "என்னாச்சு சாமி?" என்று பதறினார்.

"ஆடு சாமி. குறுக்க விழுந்துருச்சு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆடு எங்கே இருந்தது? ஒரு குட்டிகூட இல்லை! சாமிகள் எல்லாம் சரணம் போட்டார்கள். சிவகிரியில் வண்டியை நிறுத்தி என் தோளில் புதுத் துண்டு ஒன்றைப் போட்டார்கள். "அம்பத்திரெண்டு உசுரக் காப்பாத்திட்டீரு" என்று குருசாமி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ச்சீ, என்ன மனுசன் நான்?

துண்டு கொடியில் கிடக்கிறது. தொடப் பிடிக்கவில்லை.

16.12.1991
என் சம்சாரம் வெள்ளைத்தாயிடம் மட்டும் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. "இனிமே இப்பிடி ஓட்டமாட்டேன்னு எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். வேலை போய்விட்டால் என்ன செய்வது என்றதற்கு, "போனாப் போகுது, நீங்க வீடு வந்து சேந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

18.12.1991
ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வக்கீல் குமாஸ்தா வேதசிரோமணி தெரிந்தவர். மோட்டார் தொழிலாளர் சட்டப் புத்தகத்தை விரித்து, விரல் வைத்துப் படித்துக் காட்டினார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை. தூர வண்டிக்கு அனுமதி வாங்கினால் பத்து. ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணியாவது ஓய்வு. ஒரு நாள் டூட்டிக்கும் மறுநாள் டூட்டிக்கும் நடுவே தொடர்ந்து ஒன்பது மணி நேரம். 1961-லேயே போட்ட சட்டமாம். ரத்தினம் சொன்ன ஒம்பது மணி நேரத்தத் தவிர, இம்புட்டு வருசமா யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே எனக்கு!

"லேபர் ஆபீசுல எழுதிக் குடுங்க. ஆனா ஒண்ணு, பொய்க் கையெழுத்துப் போட்டது நீங்க. ஒங்களையும் கேப்பாக."

கேட்கட்டும்.

20.12.1991
முதலாளியிடம் நேரே சொன்னேன், நிஜமாகவே இரண்டாவது டிரைவர் ஏறினால்தான் வண்டி எடுப்பேன் என்று.

"சீசன்ல வந்து கழுத்தறுக்கியாடா? ஒனக்கு மட்டும் என்ன புதுசாத் தூக்கம்?"

"புதுசு இல்ல மொதலாளி. பழைய தூக்கம்தான், சேந்துபோய்க் கெடக்கு."

"சாவிய வச்சிட்டுப் போ."

வைத்துவிட்டு வந்தேன். அங்கே நன்றாகத்தான் நின்றேன். தெருமுனைக்கு வந்த பிறகுதான் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

22.12.1991
செட்டியார்பட்டியில் இருதயத்தின் சம்சாரம் தேவகிருபையைப் பார்த்தேன். சுற்றிலும் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள். இந்த வீட்டில் மட்டும் கட்டவில்லை. உட்காரச் சொன்னதற்கும் உட்காராமல், நின்றபடியே எல்லாம் சொன்னேன், லேபர் ஆபீசில் எழுதிக் கொடுக்கப் போவது உட்பட.

"செத்த பொறவும் அவியள வண்டியோட்ட விட்டிருக்கீகளே அண்ணே! உசுரோட இருக்கையிலதான் தூங்க விடல…"

அதற்கு மேல் பேச முடியாமல் அழுதது அந்தப் பிள்ளை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, டிரங்குப் பெட்டியைத் திறந்து இறப்புச் சான்றிதழை எடுத்தது.

"எப்பப் போறோம்?"

24.12.1991
லேபர் ஆபீசில் மனுக் கொடுத்தோம். என் டைரியில் இருந்த நேரங்களை வேதசிரோமணி பார்த்து நகல் எழுதி இணைத்தார். தேவகிருபை சான்றிதழை இணைத்தது.

31.12.1991
லேபர் இன்ஸ்பெக்டர் கம்பெனிக்கே வந்துவிட்டார். எங்கள் நாலு டிரைவரையும் வரச் சொல்லியிருந்தார். டிரிப் ஷீட்டுகளை மேசையில் அடுக்கி, பக்கத்தில் அந்தச் சான்றிதழை வைத்தார். இறந்த தேதிக்குப் பிறகு இருதயம் இருபத்தொன்பது டிரிப் போயிருக்கிறார்.

"இந்தக் கையெழுத்தெல்லாம் யாரு போட்டது?"

முதலாளி ஜன்னலைப் பார்த்தார். ரத்தினம் பேனாவைப் பார்த்தான். நான் இடது கையைத் தூக்கினேன்.

"பதினொண்ணு நான் போட்டது சார். இந்தக் கையாலதான்."

கொஞ்சம் கழித்து மொக்கைச்சாமி தூக்கினான். பிறகு மற்ற இரண்டு பேரும். நாலு இடது கைகள். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

5.1.1992
டைரி முடிந்துவிட்டது. பின்பக்க வெற்றுத்தாளில் எழுதுகிறேன். இன்னும் வேலை இல்லை. வெள்ளைத்தாய் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. இருந்தாலும் சத்தியம் சத்தியம்தான்.

9.1.1992
ரத்தினம் சைக்கிளில் வந்தான். கம்பெனி மேல் கேஸ் போட்டாயிற்று. இரண்டு டிரைவர் இல்லாமல் தூர டிரிப் போகாது என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறாராம். எங்கள் நாலு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம். என்னை வேலைக்கு வரச் சொன்னார்களாம்.

"இனிமே ரெஸ்ட் நேரத்த ஒங்ககிட்ட கேட்டுத்தான் எழுதணுமாம் அண்ணாச்சி" என்றான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன்.

12.1.1992, பம்பை
மகரஜோதிக் குழு, அதே காசிராஜன் குருசாமி. காலையில் வண்டி ஏறுமுன் அந்தத் துண்டை அவரிடம் நீட்டினேன்.

"சாமி, அன்னைக்கு ஆடு எதுவும் வரல. நான் தூங்கிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். இருமுடியோடு ஏறிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். துண்டை வாங்கவில்லை.

"நேத்து எம்புட்டு நேரம் தூங்குனீரு?"

"ஒம்பது மணி நேரம் சாமி."

"ம். அப்ப ஏறும்."

டிரிப் ஷீட்டில் நான் கையெழுத்துப் போட்டேன். கீழே மொக்கைச்சாமி போட்டான், வலது கையால், தன் பெயரை. தென்காசியில் ஸ்டியரிங்கை அவனிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டுக்குப் போனேன். துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தேன். ஆரியங்காவு செக்போஸ்ட் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.