எங்கள் வீடு மஞ்சளாகவே இருக்க வேண்டும்

இந்தக் குறிப்புகள் உங்கள் கையில் கிடைத்தால், தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். போலீஸிடமும் வேண்டாம். உங்கள் காலில் விழுகிறேன்.

வெள்ளி, இரவு 11.40

எங்கள் வீடு: மஞ்சள். தம்பி துருவனுக்குக் காய்ச்சல் 102.

இந்தக் கொள்ளைநோய் வந்ததிலிருந்து, நாங்கள் இணையத்தில் எழுதுவதை எல்லாம் 'மனவானிலை' செயலி படிக்கிறது. எல்லாரும் பார்க்கும் தெரு வரைபடத்தில் சந்தோஷமான வீட்டுக்கு மஞ்சள், பயந்த வீட்டுக்கு நீலம் என்று நிறம் காட்டுகிறது. பயந்தவர்களுக்கு ஆறுதல் சொல்ல ஆள் அனுப்பத்தான் அதைச் செய்தார்களாம். ஆனால் நீல வீட்டில் நோயாளி இருப்பார் என்று தெருவே கண்டுபிடித்துவிட்டது. நேற்று இஸ்திரிக் கடை பாக்கியம் மாமா வீடு நீலமானது. கடப்பாரையோடு போனார்கள். மாமாவின் மண்டை உடைந்த சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்டது.

அதனால் அம்மாவின் போனிலும் நான்தான் எழுதுகிறேன். இன்று பழைய பிரியாணிப் படம் ஒன்று, ஜோக் மூன்று.

சனி, இரவு 11.15

மஞ்சள். காய்ச்சல் 104. துருவன் இருமும்போது தலையணையை அவன் வாயில் வைத்து அழுத்துகிறேன். என் விரலைக் கடித்துவிட்டான்.

தெரு வாட்ஸ்அப் குழுவில் கேபிள் மோகன் அண்ணனின் குரல் பதிவு: "யப்பா, மூணாவது சந்துல ஒரு வீடு லேசா நீலமடிக்குது. படுத்துக் கெடக்காம வாங்கப்பா."

யாரோ பதில்: "இரு மாப்ள, சாப்ட்டுட்டு வந்துடுறேன். அவன் எங்க ஓடிடப் போறான்?"

பிறகு பெட்ரோல் வாடை. ஒரு பெண் கத்தினாள். நான் இன்னொரு ஜோக் போட்டேன்.

ஞாயிறு, இரவு 1.05

நீலம். நீலம்.

நான் கண்ணயர்ந்தபோது அம்மா சமயபுரத்தாளுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்திருக்கிறாள். அதைப் படமெடுத்து, 'என் புள்ளையக் காப்பாத்து தாயே' என்று போட்டுவிட்டாள். வேண்டுதலை நாலு பேர் அறியச் சொன்னால்தான் பலிக்குமாம். சொந்தக்காரர்கள் எல்லாரும் கும்பிட்ட கைகளாகப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். அழித்தேன். நிறம் போகவில்லை.

மோகன் அண்ணன்: "டேய், தையக்கார அக்கா வீடுடா! பிரியாணி போட்டு நம்மள ஏமாத்திருக்கு பாரேன்." அம்மாவைத்தான் சொல்கிறார்.

1.20

எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. என் வகுப்பு யாழினியின் வீடு. ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த விலாசத்தில் ஒரு கணக்குத் தொடங்கி எழுதினேன்: 'அப்பாவுக்கு மூச்சு முட்டுது, பயமா இருக்கு.' மறுபடி மறுபடி எழுதினேன். எதிர்வீடு எங்கள் வீட்டைவிடக் கருநீலமானது.

"மொதல்ல அந்தப் பக்கம் பாருங்கடா" என்று குழுவில் குரல் வந்தது.

வெறும் வீடுதானே.

1.35

பூட்டை உடைத்தார்கள். உள்ளே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். வெளியே பூட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே போய் ஒளிந்திருக்கிறார்கள். யாழினியின் அப்பாவை முடியைப் பிடித்து இழுத்து வந்து வாசலில் போட்டு அடிக்கிறார்கள். அவர் ஒருமுறைகூட இருமவில்லை. இப்போது அசையவும் இல்லை.

துருவன் இருமுகிறான். அம்மா அவன் வாயைப் பொத்துகிறாள்.

எங்கள் கதவைத் தட்டுகிறார்கள்.

ஆண் குரல் இல்லை.

"நான்தான்டி, யாழினி. கதவத் தொறடி. பின்னாடியே வர்றாங்கடி."

அம்மா வேண்டாம் என்று தலையாட்டுகிறாள். நான்...