பதினொரு ஜாயிண்ட்

ஜூன் 4
ராசா, நெஞ்சுவலின்னு நீ போய் மூணு மாசம். பதினாறு வருஷம் கேஸ் குழாயில் நீ கசிவு பார்த்த கம்பெனியில் எனக்குத் துடைப்பம் கொடுத்திருக்காங்க. வாசலில் புதுப் பலகை: "தூய எரிவாயு, நீல வானம்." பக்கத்தில் ஒரு பச்சை இலை வேற. புளுகினாலும் பொருந்தப் புளுகக் கூடாதா?

ஜூன் 9
மேனேஜரிடம் கேட்டே விட்டேன். "குழாய் இணையிற இடத்துல, பதினொரு ஜாயிண்ட் கசியுதுன்னு அவரு எழுதிக் கொடுத்தாரே சார்?"
அந்தப் பேப்பர் காணோமாம். "எங்கேம்மா கசியுது? உங்க கண்ணுக்குத் தெரியுதா?"
நிறமில்லை, வாசனையில்லை, அதனால கேஸே இல்லை! எரியாம மேலே தப்பிக்கிற கேஸ் கரிப்புகையை விட வானத்தைச் சூடாக்கும்னு நீ சாப்பிடும்போதெல்லாம் புலம்புவே. எனக்கே புரிஞ்சது. கோட்டு போட்டவருக்குப் புரியலை.

ஜூன் 10
உன் சட்டையை இன்னும் துவைக்கலை.

ஜூன் 15
நாளைக்குப் பசுமை விருதுக்குப் பார்வையிட ஆள் வருது. "அக்கா, சோப்புத் தண்ணி போட்டுக் குழாயெல்லாம் தேய்ங்க. அவங்க வரும்போதும் தேய்ச்சுட்டே இருங்க, பார்க்க நல்லாருக்கும்" என்றார் மேனேஜர்.
கசிவு கண்டுபிடிக்க நீ தினமும் பூசினதும் சோப்புத் தண்ணிதானே? அது கூடத் தெரியாம ஒரு நாற்காலி! சொல்லியிருக்கலாம். சொல்லலை. வேலை போனா என்ன பண்ணுவேன் — தெரியலை.

ஜூன் 16
தேய்ச்சேன். ஜாயிண்டில் நுரை கொப்புளம் கொப்புளமா ஊதுச்சு. விருதுக்குப் பார்வையிட வந்த கண்ணாடி போட்ட அம்மா நின்னுட்டாங்க. "இது என்ன?"
"சோப்பு மேடம். நுரைக்கத்தானே செய்யும்," என்று மேனேஜர் பல்லைக் காட்டினார்.
துணியால் துடைச்சு மறுபடி பூசினேன். மறுபடி ஊதுச்சு. "சோப்பு தானா மூச்சு விடுமாம்மா?" என்றேன். அவங்க பேனாவை எடுத்தாங்க. ஒவ்வொரு ஜாயிண்டாப் பூசிக் காட்டினேன். மேனேஜர் முகம் பேயறைஞ்ச மாதிரி.

ஜூன் 17
இனி வேலைக்கு வர வேண்டாமாம். சரிதான் போ.

ஜூலை 2
உன்கூடக் குழாய் வேலை பார்த்த ஃபிட்டர் வீட்டுக்கே வந்தார். விருது இல்லையாம். "அண்ணி, நீங்க காட்டின பத்தையும் முறுக்கிக் கசிவை அடைச்சாச்சு. அண்ணன் பதினொண்ணுன்னாரே, இன்னொண்ணு எங்க?"
இன்னிக்குத்தான் உன் சட்டையை ஊற வைக்க எடுத்தேன். பையெல்லாம் தேடினேன். ஒரு துண்டுச்சீட்டு கூட இல்லை.
அந்தப் பதினொண்ணாவது எங்கே, ராசா?