டேப்பின் மறுமுனை

டாக்குரியா
12 ஜூன் 2024

ரஞ்சனாக் கண்ணுக்கு, பாட்டி அனந்தலக்ஷ்மி ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

உன் தம்பி சைதன்யா ஆடிட்டர் பரீட்சையில் முதல் தடவையே தேறிவிட்டான். சின்னவன் கௌசிக் லேக்கில் படகுப் போட்டியில் ஜெயித்துக் கோப்பையை டி.வி. பக்கத்தில் வைத்திருக்கிறான், துடைக்கிறவள் நான். எல்லாருக்கும் மேலே நீ. லேக் மார்க்கெட் வங்காளிக் காய்கறிக்காரனிடம்கூடச் சொல்லிவிட்டேன், என் பேத்தி இங்கிலாந்தில் கடலோரம் ரோமாபுரிக்காரன் கோட்டையைத் தோண்டறாள் என்று. "தங்கம் கிங்கம் வந்ததா, மாஷிமா?" என்றான். அஞ்சாம் கிளாஸ் படித்த எனக்கு என்ன தெரியும்? "வாசல் வந்திருக்கு" என்றேன்.

நீ அனுப்பின போட்டோ வந்தது. வெயிலில் கறுத்துவிட்டாய், தொப்பி போட்டுக்கொள். அதைக் கொஞ்சம் சின்னதாக்கி, ஜாதகத்தோடு சுலோசனா மாமியிடம் கொடுத்திருக்கிறேன். லீட்ஸில் ஒரு பையன் இருக்கிறானாம். சும்மாதான் கொடுத்தேன். கோபித்துக்கொள்ளாதே.

பாட்டி


கென்ட்
1 ஜூலை

பாட்டி,

காது கேட்கவில்லை என்று போனை எடுக்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன். லீட்ஸ்காரர் கூப்பிட்டார். நல்லவராகத்தான் பேசினார். "அளக்கற டேப்போட ஒரு முனைய நீங்க பிடிச்சிண்டிருக்கேள். இன்னொரு முனைய யார் பிடிச்சிண்டிருக்கா?" என்று சிரித்தார். படத்தையும் அனுப்பினார். வெட்டிய ஓரம் நேராகக்கூட இல்லை, பாட்டி.

அது பிரிட்டோ. தூத்துக்குடிக்காரன், என்னோடு தோண்டுகிறவன். நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறோம். எழுதத் தைரியம் இல்லாமல்தான் அந்தப் படத்தை அனுப்பினேன்.

கோட்டை வாசலில் இப்போது மிஞ்சியிருப்பது இரு பக்கத்துக் காவல் கோபுரங்களின் அடிக்கல்தான். என் பக்கத்துக் கல் மட்டும் கிடைத்தபோது எல்லாரும் வெறும் சுவர் என்றார்கள். எதிர்ப்பக்கத்தை அவன் கண்டுபிடித்த பிறகுதான் அது வாசல். நடுவில் இருக்கும் இடைவெளியை நாங்கள் அளக்கும்போது எடுத்த படம் அது. நீ வெட்டியது அதைத்தான்.

இனிமேல் போட்டோ அனுப்ப மாட்டேன்.

ரஞ்சனா


டாக்குரியா
17 ஜூலை

ரஞ்சனா,

'சும்மாதான் கொடுத்தேன்' என்று எழுதினது பொய். நீ எழுதாததைப் போட்டோ சொல்லிவிட்டது. நீ டேப்பைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துச் சிரிக்கிறாய். அவன் கழுத்தில் சிலுவை. ஊசி கோர்க்கக் கண் தெரியாத எனக்கு அது மட்டும் தெரிந்தது. தெரிந்துதான் கத்தரியை எடுத்தேன். அவசரமாக வெட்டினேன், ஓரம் கோணலானது அதனால்தான்.

ஜாதகத்தைத் திருப்பி வாங்கிவிட்டேன். "என்ன மாமி, வரன் குதிர்ந்துடுத்தா?" என்று சுலோசனா நாலு பேர் நடுவில் கேட்டாள். "ஆமாம், வேற இடத்துல" என்றேன். உன் அப்பாவிடமும் நானே சொல்கிறேன். அவன் கத்தினால் எனக்குத்தான் காது கேட்காதே.

அந்தப் பையன் இருக்கிற பாதியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அரிசி டின்னுக்கு அடியில் செருகியிருந்தேன். ஜாதகத்தோடு திரும்பி வந்த உன் பாதியையும் வைத்து, சாதப் பருக்கை தேய்த்து ஒட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு விரற்கடை காணோம். கோணலை நேராக்கப் பார்த்து இன்னொரு தரம் வெட்டினேனே, அந்தத் துண்டு குப்பையோடு போய்விட்டது. டேப்பு சேரவில்லை. உங்கள் வாசலில் ஒரு பூனை நுழைய இடமில்லாமல் பண்ணிவிட்டேன்.

கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன். புதுசாக ஒரு போட்டோ எடு. இரண்டு கல்லும், நடு இடமும், நீங்கள் இரண்டு பேரும் விழ வேண்டும். போன தடவை வெயிலுக்கு அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான். எப்படிப்பட்ட கண் என்று தெரியவில்லை. இந்தத் தடவை திறந்துகொண்டு நிற்கச் சொல்லு. கத்தரியை மாடி வீட்டில் கொடுத்துவைத்துவிட்டேன்.

தபாலில் போடு, கண்ணு.

பாட்டி