ஏரிப்பாறையில் பதினோரு போல்ட்

யேசு மரி சூசை துணை

கே.கே. நகர், திருச்சி

அன்பு மகள் லிசிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகமாகவே இருக்கிறோம், அங்கே குளிர் குறைந்து நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, ஆனாலும் மாம்பழம் கண்ணில் பட்டால் டாக்டரை மறந்துவிடுகிறாள். போனில் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொள்ளும், அதனால் எழுதி மெயிலில் அனுப்புகிறேன்.

பச்சைமலை ஏரிக்கரையில் பாறை ஏறும் முகாம் நடத்தும் அந்த ஸ்ரீரங்கத்துக் கம்பெனி உன்னைத் தலைமைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டபோது, ஜூன் மாதம் கனடா வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாய். நீ அனுப்பிய அவர்களுடைய விளம்பரத் தாளை வைத்து நான் வாரப் பத்திரிகையில் அரைப்பக்கம் எழுதினேன். நாற்பத்தொரு வருஷம் நிருபராக இருந்து, ஒரு ரயில்வே கேட் விபத்தைக்கூடப் போய் நின்று பார்க்காமல் எழுதாதவன், மகள் சொன்னாள் என்று உட்கார்ந்த இடத்தில் எழுதினேன். கீழே பெயரும் போட்டுக்கொண்டேன். அதைப் படித்துவிட்டு மன்னார்புரம் ரோசரி டீச்சர் தன் மகள் ஃபெமினாவை அந்த முகாமுக்கு அனுப்பினார். பாறையில் ஒரு பாளம் பெயர்ந்து, பிள்ளை பன்னிரண்டு அடியிலிருந்து விழுந்து வலது குதிகால் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டீச்சர் என்னைத் திட்டவில்லை. நீங்க எழுதியிருந்தீங்களேன்னுதான் சார் அனுப்புனேன் என்றார், அவ்வளவுதான். காலேஜ் ஹாக்கி டீமில் இருந்த பெண், இனி ஓடுவாளா என்று டாக்டர் சொல்லத் தயங்குகிறார்.

மறுநாள் காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறி, அங்கிருந்து மலைக்குப் போனேன். ஏரி கலங்கிய டீ நிறத்தில் கிடக்கிறது, கரையெல்லாம் பிளாஸ்டிக் தட்டு. முகாம் வாசலில் ஆளுயரத்துக்கு உன் படம், நீ கயிற்றில் தொங்குகிறாய், பின்னால் கனடாவின் நீல ஏரி, கீழே பச்சைமலை என்று எழுதியிருக்கிறார்கள். பாறையில் மஞ்சள் பெயின்டால் ஒன்று, இரண்டு என்று வழி போட்டிருக்கிறார்கள், கயிறு மாட்டக் கல்லில் அடித்திருந்த போல்ட்டுகளை எண்ணினேன், பதினொன்று. குடைக் காம்பால் பாறையைத் தட்டிப் பார்த்தேன், நான்கு இடத்தில் காலிப் பானை போலச் சத்தம் வந்தது. பக்கத்தில் மரவள்ளி போட்டிருக்கும் வீரமலை சிரித்தார். இது வெங்காயம் மாதிரிங்க, வெயில்ல தோல் தோலா உரியும், மழைக்குக்கூட நாங்க இதுக்கு அடியில ஒதுங்க மாட்டோம், அவுங்ககிட்ட சொன்னேன், போய்க் கிழங்க நோண்டுய்யான்னாங்க என்றார்.

மேனேஜர் அருள்ராஜ் முப்பது வயதுக்காரர், நல்ல செண்ட் வாசனை. போல்ட் எங்கே வாங்கியது என்றேன். கடை போர்டு மாட்டுற அதே போல்ட்தான் சார், ரெண்டு டன் தாங்கும் என்றார். அதோடு விடாமல், பெயர்ந்து விழுந்த பாளத்தை ஷெட்டிலிருந்து தூக்கிவந்து என் முன் வைத்து, பாருங்க சார், கல்லுதான் பிச்சுக்கிச்சு, நம்ம போல்ட் அசையல என்று பெருமையாகக் காட்டினார். கல்லின் ஓரத்தில் மஞ்சள் பெயின்டோடு ரத்தம் காய்ந்திருந்தது. அடுத்த சனிக்கிழமைக்கு நாற்பது காலேஜ் பிள்ளைகள் பதிவு செய்திருக்கிறார்களாம். எழுதிடாதீங்க சார், உங்க பொண்ணு பேரும்தானே கெடும் என்று பஸ் வரைக்கும் கூடவே வந்தார். அந்த ஆளின் மேல் வந்த அருவருப்புக்குச் சற்றும் குறையாமல் என் மேலும் வருகிறது. உன் மேலும் கொஞ்சம் வருகிறது, மறைக்கமாட்டேன். கயிறும் கல்லும் தெரிந்தவள், போல்ட் என்ன போல்ட் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா?

பத்திரிகையில் உள்பக்கத்தில் இரண்டு வரி திருத்தம் போதும் என்றார்கள், மாட்டேன் என்றேன். அதே அரைப்பக்கத்தில், என் பெயரோடு, பார்க்காமல் எழுதினேன் என்பதை முதல் வரியாக வைத்து எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை வருகிறது. விளம்பரப் படத்தில் இருப்பவர் லிசி, வயது இருபத்தொன்பது, இதை எழுதுபவரின் மகள் என்பதும் அதில் இருக்கிறது. அம்மா அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்க என்று அழுதாள். எடுத்தால் மீதி எதையும் யாரும் நம்பவேண்டியதில்லை. உன்னிடம் அனுமதி கேட்கவில்லை மகளே, அச்சாகும் முன் உனக்குத் தெரியவேண்டும் என்று சொல்கிறேன்.

கனடா வேலையை விடாதே. ரோசரி டீச்சருக்கு நீயே போன் செய், என்னை நடுவில் வைத்துப் பேசாதே. மாதா உன்னைக் காத்து நடத்தட்டும். உன் விளக்கம் எதுவானாலும் புதன் மதியத்துக்குள் எழுதி அனுப்பு, ஒரு எழுத்தும் மாற்றாமல் அதையும் சேர்க்கிறேன்.

உன் அப்பா,
அற்புதசாமி